உயிர் உரம் உயிரோடு இருந்தால்தான் உரம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிள்ளானில் தாமான் வீட்டின் பின்புறம் நாலு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு முருங்கை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி. தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், மண்ணோடு உள்ள உறவை முற்றாக விட்டுவிடாத குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையவே இருக்கின்றன. பந்திங், கோலலங்காட் பக்கம் சில ஏக்கர் செம்பனையோ காய்கறியோ போட்டிருக்கும் சிறுதோட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

இவர்களிடம் 'உயிர் உரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு விதமான பதில் வரும். ஒரு சாரார், "அதை ஊற்றினால் போதும், வேறு உரமே வேண்டாமாமே" என்பார்கள். மறு சாரார், "வாங்கி ஊற்றிப் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் ஏமாற்று" என்பார்கள். முதலில் சொன்னவர் அடுத்த ஆண்டில் இரண்டாமவராக மாறிவிடுவதும் உண்டு.

இரண்டு பதிலுமே சரியல்ல. உயிர் உரம் வேலை செய்யும். ஆனால் எந்த நிலையில் வேலை செய்யும், எந்த நிலையில் செய்யாது என்பது தெரியாமல் வாங்கினால் பணம்தான் விரயம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் இரசாயன உரத்தின் விலை உலகம் முழுவதும் ஏறியபோது சிறுதோட்டக்காரர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அப்படி விலை ஏறும் காலத்தில்தான் மாற்று வழி தேடுவோரின் எண்ணிக்கை கூடுகிறது. அவர்களிடம் எதையாவது விற்றுவிட நினைப்போரின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆகவே இந்த விஷயத்தை அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்வது நல்லது.

உறைமோரும் பாலும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, இலைமக்கு, மண்புழு உரம் இவையெல்லாம் இயற்கை உரம். யூரியா, பொட்டாஷ் போன்றவை இரசாயன உரம். இந்த இரண்டு வகையும் செடிக்கு உணவு. உயிர் உரம் என்பது உணவு அல்ல. மண்ணில் உணவைத் தயாரித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களை உயிரோடு பிடித்து, பெருக்கி, பொடியிலோ திரவத்திலோ அடைத்துக் கொடுப்பதுதான் உயிர் உரம்.

வீட்டில் தயிர் உறைய வைக்கும் எவருக்கும் இது எளிதில் விளங்கும். ஒரு கரண்டி உறைமோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்கிவிடுகிறது. ஆனால் உறைமோர் பால் ஆகாது. பால் இல்லாத சட்டியில் உறைமோரை ஊற்றிவிட்டு விடியற்காலை தயிரைத் தேடினால் கிடைக்குமா? கொதிக்கிற பாலில் ஊற்றினாலும் உறையாது, உறைமோரில் உள்ள உயிர் செத்துவிடும். பல நாள் வெயிலில் கிடந்த மோரை ஊற்றினாலும் உறையாது.

உயிர் உரமும் இப்படித்தான். மண்ணில் மக்கு இருக்க வேண்டும், அதுதான் பால். சூடும் புளிப்பும் அளவோடு இருக்க வேண்டும். ஊற்றும்போது நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பலன் இல்லை.

காற்றிலிருந்து வரும் தழைச்சத்து

செடிக்குப் பெருமளவில் தேவைப்படும் சத்துகள் மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. இவற்றில் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் காற்றில் 78 விழுக்காடு இருக்கிறது. செடிகள் அந்தக் கடலுக்குள்ளேயே நிற்கின்றன. ஆனால் காற்றிலிருந்து அதை நேரடியாக எடுத்துக்கொள்ள ஒரு செடியாலும் முடியாது. தொழிற்சாலையில் மிகுந்த வெப்பமும் அழுத்தமும் கொடுத்து, இயற்கை எரிவாயுவைச் செலவழித்துத்தான் அந்த நைட்ரஜனை யூரியாவாக மாற்றுகிறார்கள். அதனால்தான் எரிவாயு விலை ஏறும்போது யூரியா விலையும் ஏறுகிறது.

அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் மண்ணுக்குள், சாதாரண வெப்பத்தில், சத்தமில்லாமல் செய்கின்றன. பயறு வகைச் செடிகளின் வேரில் உள்ள முடிச்சுகளில்தான் இந்த வேலை நடக்கிறது என்பதை 1886இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் அறிவித்தார். முடிச்சில் வாழும் பாக்டீரியாவை 1888இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் தனியே பிரித்தெடுத்தார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் ஜெர்மனியில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. ஆக, உயிர் உரம் நேற்றுப் பிறந்த புதுமை அல்ல. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இன்று கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பார்க்கலாம். பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்து கொடுப்பது ரைசோபியம். நெல், சோளம், வாழை, காய்கறி போன்றவற்றின் வேரை ஒட்டி வாழ்ந்து ஓரளவு தழைச்சத்தும், வேர் வளர்வதற்கான தூண்டுதலும் கொடுப்பது அசோஸ்பைரில்லம். மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது பாஸ்போபாக்டீரியா. நான்காவது, வேரோடு சேர்ந்து வாழும் மைக்கோரைசா என்னும் பூஞ்சை. இதன் மெல்லிய இழைகள் வேர் எட்டாத இடத்துக்கும் போய்த் தண்ணீரையும் மணிச்சத்தையும் கொண்டு வருகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பல்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் எதுவும் கிடையாது. அது மண்ணில் இருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து போட வேண்டும். செம்பனைக்கும் வாழைக்கும் இந்தச் சத்து மிக அதிகமாகத் தேவை. "இதை ஊற்றினால் வேறு உரமே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே அவர் சொல்வது பொய் என்று தெரிந்துகொள்ளலாம்.

பால்மரக் காட்டில் படர்ந்த கொடி

உயிர் உரம் உண்மையில் பெரிய அளவில் வேலை செய்ததற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்த நாட்டின் பால்மரக் காட்டிலேயே அது இருக்கிறது. அதை நட்டு வளர்த்த கைகளில் பெரும்பகுதி தமிழர்களின் கைகள்.

தொடக்க காலத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரத் துரைமாரின் கட்டளை. மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வெறும் தரையாக வைத்திருந்தார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் இந்த நாட்டு மழைக்கு வெறும் மண் தாங்குமா? மேல்மண் முழுக்க ஆற்றுக்குப் போனது. மரங்கள் இளைத்தன. பிறகுதான் மண்ணை மூடி வைக்க வேண்டும் என்ற அறிவு வந்தது. இளம் ரப்பர் வரிசைகளுக்கு நடுவே பியூராரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா என்ற மூன்று பயறு இனக் கொடிகளைக் கலந்து விதைக்கும் வழக்கம் பரவியது. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், முழங்கால் அளவு பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்த அந்தக் கொடியை நினைவுகூர்வார்கள். புதுக்கன்றைச் சுற்றி வட்டமாகக் கொடியை விலக்கிவிடுவதே அன்று தனியொரு வேலை.

1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் இந்தக் கொடிகளை விரிவாக ஆராய்ந்தது. கொடிக்கேற்ற ரைசோபியத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, விதையோடு கலக்கும் உயிர் உரமாகத் தோட்டங்களுக்குக் கொடுத்தது. விதைக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. பியூராரியா விதையின் தோல் கடினமானது, எளிதில் முளைக்காது. அதனால் முதலில் விதையை வெந்நீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். ஆறிய பிறகுதான் ரைசோபியத்தைக் கலப்பார்கள். அதோடு பாறைப் பாஸ்பேட் தூளையும் சேர்த்து விதைப்பார்கள். கொடி படர்ந்த பிறகும் அதற்குப் பாறைப் பாஸ்பேட் போடுவார்கள். ஏனென்றால் முடிச்சில் உள்ள பாக்டீரியாவுக்கு மணிச்சத்து இல்லாமல் வேலை ஓடாது.

பலன் என்ன? மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கொடிகளை ஆராய்ந்தவர்களில் டபிள்யூ. ஜே. புரோட்டனும், பின்னாளில் பேராசிரியரான பி. அகமுத்துவும் குறிப்பிடத்தக்கவர்கள். இளம் செம்பனைத் தோட்டத்தில் படர்ந்த பயறு இனக் கொடிகள் ஓர் ஹெக்டரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து மண்ணில் சேர்த்தன என்பது 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டும் கணக்கு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. அந்தக் கணக்கில் 150 கிலோ என்பது 50 கிலோ யூரியா மூட்டை ஆறரைக்குச் சமம். ஒரு ஹெக்டருக்கு, ஓர் ஆண்டுக்கு.

அது மட்டுமல்ல. கொடி மழையின் அடியைத் தாங்கியது, களையை அடக்கியது, உதிர்ந்த இலை மக்கி மண்ணைப் பஞ்சாக்கியது. மரங்கள் குடை விரித்து நிழல் கட்டிய பிறகு கொடி மடிந்துவிடும். ஆனால் அது விட்டுச்சென்ற சத்து அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் மரத்துக்குக் கிடைத்தது. கொடி படர்ந்த நிலத்தில் வளர்ந்த ரப்பர் மரங்கள், புல் மண்டிய நிலத்து மரங்களைவிட விரைவாகப் பருத்து, பால் வெட்டும் பருவத்தை முன்னதாகவே எட்டின.

அந்த ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. அந்த நிலத்தில்தான் இன்று குவாசா டாமன்சாரா நகரம் எழுந்து வருகிறது. 2016 டிசம்பர் முதல் அங்கே எம்.ஆர்.டி. இரயில் வந்து நிற்கிறது. அதில் ஏறி வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் பாட்டன் பாட்டிமார் விதைத்த கொடியின் அறிவியல் இந்த மண்ணில்தான் சோதிக்கப்பட்டது என்று தெரியும்?

இதில் உள்ள பாடத்தைத் தெளிவாகப் பாருங்கள். அந்தக் கொடி வெறும் பாக்டீரியாவால் வெற்றி பெறவில்லை. சரியான விதை, சரியான பாக்டீரியா, அதற்குத் தேவையான பாஸ்பேட், மூடிய மண், கவனிக்க ஆள் இவையெல்லாம் சேர்ந்துதான் வெற்றி கொடுத்தன.

செர்டாங்கிலும் பாங்கியிலும்

பயறு அல்லாத பயிர்களுக்கும் உதவ முடியுமா என்ற கேள்வியோடு செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்து வருகிறது. பேராசிரியர் சுல்கிஃப்லி ஷம்சுதீனும் அவருடைய குழுவினரும் செம்பனை நாற்று, வாழைக்கன்று ஆகியவற்றின் வேரோடு அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்களை வாழவைத்துப் பார்த்தார்கள். நாற்றுகளின் வேர் பெருகியது, தழைச்சத்தில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே காற்றிலிருந்து கொடுத்தன. நெல்லுக்கும் இத்தகைய சோதனைகள் நடந்தன.

இத்தகைய உயிர் உரங்கள் நாற்றங்காலில் காட்டும் பலனை வயலில் எப்போதும் அதே அளவுக்குக் காட்டுவதில்லை. இது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். நாற்றுப்பையில் உள்ள மண்ணை நாம் ஆளலாம். வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடு புதிதாக வந்தவை போட்டி போட வேண்டும். ஆகவே பயறு அல்லாத பயிர்களில் உயிர் உரத்தைத் துணை உரமாகத்தான் எண்ண வேண்டும். ஒரேயடியாக மற்ற உரத்தை நிறுத்திவிடக் கூடாது. நாற்றுப் பருவத்திலேயே வேரில் சேர்த்துவிட்டால் புதியவற்றுக்கு முதலிடம் கிடைக்கும்.

பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி முகவாண்மைக்கும் இதில் பங்கு உண்டு என்றால் சிலர் வியப்படையலாம். உயிர் உரத்தைச் சுமக்கும் பொடியில் வேறு கிருமிகள் இருந்தால் அவை நல்ல பாக்டீரியாவைத் தின்றும் நெருக்கியும் அழித்துவிடும். அந்தப் பொடியைக் காமா கதிரால் தூய்மை செய்து, பிறகு நல்ல பாக்டீரியாவைச் சேர்த்தால் அது நீண்ட நாள் உயிரோடு இருக்கும். இந்த முறையை ஆசிய நாடுகள் சில சேர்ந்து ஆராய்ந்தன. மலேசியாவும் அதில் ஒன்று.

மண் புளித்துப் போனால்

இனி மண்ணுக்கு வருவோம். மலேசிய மண்ணில் பெரும்பகுதி புளிப்பு மண். அமில காரக் குறியீடு 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு. இந்நாட்டு மண்ணில் 4க்கும் 5க்கும் இடைப்பட்ட அளவு சர்வசாதாரணம். மழை அதிகமான நாட்டில் சுண்ணாம்புச் சத்து அடித்துக்கொண்டு போய்விடுவதால் வரும் நிலை இது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுந்திருக்கும். அவை மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துவிடும். போட்ட பாஸ்பேட்டில் பெரும்பங்கு செடிக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். பூட்டைத் திறக்கும் வேலைக்குத்தான் பாஸ்போபாக்டீரியாவும் மைக்கோரைசாவும் வேண்டியிருக்கின்றன.

கிள்ளான், கோலலங்காட் கடலோரத்தில் இன்னொரு தொல்லை. சில இடங்களில் கடற்களிமண்ணுக்குள் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது இருக்கிறது. நீரில் மூழ்கிக் கிடக்கும்வரை அது தூங்குகிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறுகிறது. கால்வாயில் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் ஓடினால், தோண்டிய மண்ணில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால், சந்தேகப்பட வேண்டும். இந்த மண்ணின் குறியீடு 3.5க்கும் கீழே போய்விடும். இதில் எந்த உயிர் உரத்தை ஊற்றினாலும் கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றிய கதைதான்.

இதற்கு வழி சுண்ணாம்பு. விவசாயக் கடைகளில் 'ஜி.எம்.எல்.' என்று கேட்டால் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள் கிடைக்கும். சாதாரணப் புளிப்பு மண்ணுள்ள வீட்டுத் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை தூவி, மண்ணோடு கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் விட்ட பிறகு உயிர் உரத்தைச் சேர்க்கலாம். மேலே சொன்ன கடலோர அமில மண்ணுக்கு இந்த அளவு போதாது. அதை மண் பரிசோதனை செய்துதான் முடிவு செய்ய வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ போடாதீர்கள். அது வேரையும் நுண்ணுயிரையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. சூளைக்கு ஏற்ற அந்தக் களிமண் இறுகினால் காற்றே புகாது. காற்று புகாத இடத்தில் நல்ல நுண்ணுயிர் பெருகாது. ஆனால் அந்தக் களிமண்ணை இளக்கும் மருந்து அதே தெருவில் கொட்டிக் கிடக்கிறது. பூக்கடையில் மிஞ்சிய பூவும் வாழைநாரும், தேங்காய் மட்டையின் தும்பு, உணவகத்தில் சாப்பாடு போடுமுன் நறுக்கி எறியும் வாழையிலைத் துண்டு இவையெல்லாம் இலைமக்குக்கு அருமையான பொருள்கள். சாப்பிட்டு முடித்த இலையை மட்டும் தவிர்ப்பது நல்லது. அதில் ஒட்டியிருக்கும் உப்பும் எண்ணெயும் மக்குக்கு ஆகாது, எலியையும் கூட்டும்.

இலங்கை கற்ற கசப்பான பாடம்

இயற்கையும் உயிர் உரமும் நல்லது என்பதால் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்திவிடலாமா? இதற்கு விடை இலங்கையில் கிடைத்தது. 2021 ஏப்ரலில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்வதாக அறிவித்தது. விவசாயிகளுக்கு மாற்று உரமும் போதிய அளவில் இல்லை, பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை பாதிக்கப்பட்டது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனால் இழந்த விளைச்சல் திரும்பி வரவில்லை. தமிழ் விவசாயிகள் உட்பட எல்லோரும் அதன் சுமையைச் சுமந்தார்கள்.

அந்த நாள்களில் இன்னொன்றும் நடந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தின் மாதிரிகளில் பயிருக்குத் தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கை அதிகாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். உயிர் இருப்பதெல்லாம் நல்ல உயிர் அல்ல. எந்த உயிர், எவ்வளவு, யார் சோதித்தது என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு முதல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. பாக்டீரியா உரமானால், பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது அங்கே உள்ள விதி. இங்கே வாங்குவோரும் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

புட்டியில் நுண்ணுயிரின் பெயர் இருக்கிறதா? எத்தனை கோடி என்ற எண் இருக்கிறதா? தயாரித்த நாளும் காலாவதி நாளும் இருக்கின்றனவா? எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதா? இந்த நான்கும் இல்லாமல் வெறும் பச்சை இலைப் படமும், 'அற்புதம்' என்ற சொல்லும் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வெயில் படும் முன்வாசலில் அடுக்கியிருந்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் செத்திருக்கும். வாங்கிய பிறகு காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு நண்பகலில் ஊர் சுற்றினாலும் அதே கதிதான்.

வாங்க வேண்டியதில்லை என்ற நிலையும் உண்டு. வீட்டில் பயத்தங்காய் போட்டிருப்பவர்கள், பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரில் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒன்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தத் தொழிற்சாலை ஓடுகிறது என்று பொருள். மண்ணிலேயே நல்ல ரைசோபியம் இருக்கிறது, நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இந்நாட்டு மண்ணில் பயத்தங்காய்க்கும் நிலக்கடலைக்கும் ஏற்ற பாக்டீரியா இயல்பாகவே இருப்பது வழக்கம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லாவிட்டால், அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். தொட்டால் எளிதில் உதிராமல் வேரே வீங்கிக் கிடந்தால் அது முடிச்சு அல்ல, நூற்புழுவின் வேலை.

வீட்டில் செய்யும் முறை

தமிழகத்து விவசாயிகள் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியம் பொடியைக் குழைத்து, விதை முழுக்கப் படும்படி புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுவார்கள். கஞ்சி பசையாகவும் இருக்கிறது, பாக்டீரியாவுக்குச் சிறிது உணவாகவும் இருக்கிறது. கஞ்சி சூடாக இருக்கக் கூடாது. விதைக்கு ஏற்கெனவே பூஞ்சை மருந்து பூசியிருந்தாலும் பயன் இராது.

கத்தரி, மிளகாய், வெண்டை போன்றவற்றுக்கு அசோஸ்பைரில்லத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் நன்றாக மக்கிய உரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்திருந்து, பிறகு வேரடியில் இட்டு மண்ணால் மூடலாம். மாலை நேரமே நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள்? திரவ உரத்தைக் கலக்குவதானால், தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுக் கலக்குங்கள். யூரியா, பூச்சி மருந்து, பூஞ்சை மருந்து எதனோடும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள். இடையில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மண்ணில் கை வைக்கும்போது கையுறையும் காலணியும் அவசியம். மெலியோய்டோசிஸ் என்னும் கடுமையான நோயின் கிருமி இந்நாட்டு மண்ணில் இயல்பாகவே உண்டு. நீரிழிவு நோயாளிகளை அது எளிதில் தாக்கும். நீரிழிவு மிகுந்த சமுதாயத்தில் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது.

கடைசியாக ஒரு யோசனை. முழுத் தோட்டத்துக்கும் ஊற்றிவிடாதீர்கள். ஒரே நாளில் நட்ட பத்துச் செடியில் ஐந்துக்கு மட்டும் கொடுங்கள். மற்றதெல்லாம் பத்துக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பறிக்கும் காயை இரண்டு கூடையில் தனித்தனியே நிறுத்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓர் அறுவடை முடியும்போது புட்டியில் இருந்தது உரமா, வெறும் நிறத் தண்ணீரா என்பதை உங்கள் தராசே சொல்லிவிடும். சிறுதோட்டக்காரர்கள் ஒரு வரிசையில் இப்படிச் செய்து பார்க்காமல் முழு நிலத்துக்கும் பணத்தைப் போடக் கூடாது.

அன்பார்ந்த நேயர்களே! தோட்டத்தில் கொடி விதைத்த தலைமுறையில் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். விதையை வெந்நீரில் எவ்வளவு நேரம் போட்டார்கள், எந்த மாதத்தில் விதைத்தார்கள், எந்த மண்ணில் கொடி பிடிக்கவில்லை என்பதெல்லாம் அவர்களின் நினைவில் இருக்கும். இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வார இறுதியில் பேரப்பிள்ளைகளை அவர்கள் அருகில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு எல்லோரும் பின்புறத்துக்குப் போய் ஒரு பயத்தங்காய்ச் செடியைத் தோண்டி, அதன் முடிச்சைக் கீறிப் பாருங்கள்.